சின்ன ர, பெரிய ற

அத்தியாயம் 17

ஆறாவது நாள் காலையிலும் என் கணவர் அதையே செய்தார். குளித்துவிட்டு வந்து, முந்தின நாள் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் புதுச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் பொத்தானைப் போட்டார்.

"அது என்ன தாள்?" என்றேன்.

"விலாசம்."

"ஆறு நாளா யார் விலாசத்தைத் தேடறீங்க?"

"போகும்போது சொல்றேன் டீச்சர்" என்று கண்ணாடி முன் நின்று தலை வார ஆரம்பித்தார்.

நான் டீச்சர் இல்லை. ஊர் எழுத்தையெல்லாம் திருத்துகிறேன் என்பதால் அவர் வைத்த பெயர் அது. அவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எதையாவது மறைக்கும்போது தலை வாருவார். வாருவதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லாததால் சீக்கிரம் பிடிபட்டுவிடுவார்.

அந்தச் சீப்பு இப்போது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. இதை எழுத உட்காரும்போதெல்லாம் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு அந்த ஆறு நாள் சண்டை தெரியும். நடுவில் வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஒரு நாளிதழ் நடத்தினார். என் அண்ணன் சட்டசபை உறுப்பினர். பேருந்துப் பணிமனைத் திறப்பு விழாவில் அண்ணன் எட்டே நிமிடம் பேசினார். வழக்கமாக ஒன்றேகால் மணி நேரம் பேசுகிறவர். மக்களின் நேரத்தை மதித்துச் சுருக்கிக்கொண்டதாக அவரே ஒரு செய்தி எழுதி, தலைப்பும் வைத்து, டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார்.

தலைப்பு இது: "உறுப்பினர் பேச்சைக் குறைத்தார், மக்கள் மகிழ்ச்சி."

மறுநாள் எங்கள் பத்திரிகையில் வந்தது இது: "உறுப்பினர் பேச்சைக் குரைத்தார், மக்கள் மகிழ்ச்சி."

பெரிய ற இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ர. அவ்வளவுதான்.

காலை ஒன்பது மணிக்கு அண்ணன் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினார். என் கணவர் பதில் சொல்லியிருக்கலாம், வருத்தம் தெரிவித்திருக்கலாம். சிரித்துவிட்டார். அன்று மாலையே மேடையேறிய அண்ணன், "நான் எழுதினதுல ஒரு எழுத்தை மாத்தி என்னை நாயாக்கிட்டார். ஏன்னு கேட்டா சிரிக்கிறார். இதுதான் பத்திரிகை தர்மமா?" என்றார். எல்லாத் தொலைக்காட்சியிலும் அதுதான் ஓடியது. ஐந்தாம் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போட்டோம். அது போதாது என்றார் அண்ணன். "வேண்டுமென்றே செய்தேன்" என்று எழுதி மன்னிப்புக் கேட்க வேண்டும். கெடு, ஆறாவது நாள் மாலை ஐந்து மணி. இல்லையென்றால் சபையில் உரிமைப் பிரச்சினை எழுப்பி என் கணவரைக் கூண்டில் ஏற்றுவது போல் நிறுத்துவார். கூடவே என்னிடம் ஒரு வார்த்தை: "அந்த வீட்டு வாசல்ல இனி கால் வைக்க மாட்டேன், பாப்பா."

அந்த இதழின் பக்கங்களில் நான் பிழை பார்க்கவில்லை. அன்று கண் மருத்துவரிடம் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு அனுப்பிவிட்டார்கள். எழுத்தெல்லாம் நீரில் நனைந்த மாதிரி தெரிந்தது. "ஒரு நாள் நீ பாக்கலைன்னா பத்திரிகை ஒண்ணும் கவுந்துடாது" என்று என்னை வீட்டில் இருக்கச் சொன்னவர் அவர்தான். இருபத்தாறு வருடத்தில் நான் படிக்காமல் அச்சேறிய பக்கங்கள் அவை மட்டுமே. கவிழ்ந்துவிட்டது.

ஆறாவது நாள் காலை அவர் கிளம்பிப் போன அரைமணி நேரத்தில் நானும் கிளம்பினேன்.

அலுவலகம் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. கீழே இயந்திரங்கள், மேலே நாங்கள். வெளியிலிருந்து கையெழுத்தில் வரும் செய்திகளை மூன்று மாதம் வரை தேதிவாரியாக அட்டைப் பெட்டிகளில் வைத்திருப்போம். யாராவது "நான் அப்படி எழுதலை" என்று வந்தால் காட்டுவதற்கு. இத்தனை நாள் அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் ஒருவர் வேண்டுமென்றே செய்தது தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

திறந்தேன். அந்தத் தேதியில் பதினொரு தாள்கள் இருந்தன. அண்ணனுடையது இல்லை.

பக்கம் அமைப்பவரிடம் போனேன். அவருக்கு அலுவலகத்தில் காற்புள்ளி என்று பெயர். மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு விட்டுப் பேசுவார். நான்தான் பெயர் வைத்தேன் என்பது அவருக்கும் தெரியும்.

"உறுப்பினர் அனுப்பின தாள் எங்க?"

"அதும்மா, வந்து, ஐயா கேட்டார். எடுத்து, குடுத்துட்டேன்."

"எப்போ?"

"அன்னைக்கே, காலையில. ஃபோன், வர்றதுக்கு, கொஞ்சம் முன்னால."

அவர் கணினியை விட்டுத் திரும்பி, சுவரைக் காட்டினார். கண்ணுக்கு நேர் எதிரே ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. அண்ணனின் அலுவலகக் கடிதம், ஆறு மாதம் முன்பு வந்தது. "மாபெரும் கழிவுநீர்க் கால்வாய்" என்று அவர் எழுதியதில் நாங்கள் "மாபெரும்" என்பதை எடுத்துவிட்டதற்காக வந்த கண்டனம். கடைசி வரி தட்டச்சில் தடித்த எழுத்தில் இருந்தது: "இனி என் செய்திகளில் தலைப்பு உட்பட ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது."

"தப்புன்னு, எனக்குத் தெரிஞ்சுதும்மா" என்றார் காற்புள்ளி. "திருத்தலாம்னு, கை போச்சு. தலையைத் தூக்கினேன், லெட்டர். சரி, அவர் எழுத்து, அவர் இஷ்டம்னு, அப்படியே அடிச்சிட்டேன். எப்படியும், நீங்க பாத்து, ஐயாகிட்ட கேட்டுத் திருத்திடுவீங்கன்னு, நினைச்சேன். நீங்க, அன்னைக்கு, வரலை."

"அப்ப அந்தத் தாள்லயே..."

"சின்ன ர தாம்மா" என்றார். இதை மட்டும் நிறுத்தாமல் சொன்னார்.

பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன். எங்கள் ஆள் யாரும் செய்யவில்லை என்கிற நிம்மதி முதலில் வந்தது. அதன் பின்னாலேயே அண்ணன் முகம் வந்தது. நிம்மதி போய்விட்டது.

அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா போனபின் இரண்டு பேரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலை. "பாப்பா படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சரக்குச் சீட்டு எழுத வேண்டும். மரக்கடையில் வேலை பார்த்தவருக்கு மரத்துக்கு எந்த ர என்று ரொம்ப நாள் சந்தேகம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். "பாப்பா, சின்ன ரவா, பெரிய றவா?" நான் பாடத்திலிருந்து தலை தூக்காமல் சொல்லுவேன். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அவர் கையெழுத்தில் வெளியே போன எந்தத் தாளும் என்னைத் தாண்டித்தான் போயிற்று. அதற்குப் பிறகு செயலாளர் வந்தார், தட்டச்சு வந்தது. பணிமனைத் திறப்பு நாளில் செயலாளர் வீடு மாற்றுவதற்காக விடுப்பில் இருந்தார்.

என் கணவரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"உங்க பையில இருக்கறது அண்ணன் எழுதின தாள்."

அங்கே சீப்பு இல்லை. உள்ளங்கையால் தலையைத் தடவிக்கொண்டார்.

"காற்புள்ளி முற்றுப்புள்ளி வச்சுட்டாரா?"

"விளையாடாதீங்க. அதைப் படம் எடுத்து முதல் பக்கத்துல போட்டிருந்தா மறுநாளே எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும். யாரு முடிஞ்சிருப்பா?"

அவர் பேனாவை மூடினார்.

"உங்க அண்ணன் எட்டாவதோட ஏன் நின்னார்?"

"என்னைப் படிக்க வைக்க."

"அந்தப் படிப்பை வச்சுத்தான் நீ எனக்கு இருபத்தாறு வருஷமா பத்திரிகையைப் பிழையில்லாம நடத்திக் குடுக்கறே. அதே பத்திரிகையில அவர் எழுத்தைப் போட்டு ஊரைக் கூப்பிட்டுக் காட்டணுமா? ரொம்ப நல்லா இருக்கும்."

"அப்ப எதுக்குச் சிரிச்சீங்க? அவருக்கு வலிச்சதே அந்தச் சிரிப்புதான்."

"அவரைப் பாத்துச் சிரிக்கலை. யார் தப்புன்னு பாக்கலாம்னு அப்பதான் தாளை வாங்கி வச்சிருந்தேன். ஃபோன் அடிக்குது. அந்தப் பக்கம், 'எவன்யா என் எழுத்தை மாத்தினான்'னு கத்தறார். இந்தப் பக்கம் என் கையில அவர் எழுத்து. எதிர்ல சுவத்துல, ஓர் எழுத்தையும் மாத்தாதேன்னு அவர் லெட்டர். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?"

எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன். ஆறு நாளில் அதுதான் முதல் தடவை.

"பாத்தியா? இனி உன்னையும் சபையில நிறுத்துவார்" என்று, எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "பிழை இருக்கான்னு பாத்துக் குடு. முடிச்சிடலாம்."

நான்கு வரிகள். முதல் வரியிலேயே இருந்தது. "உறுப்பினர் அவர்களின் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி வெளியிட்டதற்காகவும், அவர் கேட்டபோது சிரித்ததற்காகவும்..."

பென்சிலை எடுத்தேன். "ஒரு பிழை இருக்கு."

"எங்க?"

"வேண்டுமென்றே."

"அது பிழை இல்லை. அதைத்தான் அவர் கேக்கறார்."

"இந்தப் பத்திரிகை பொய் எழுதாதுன்னு ஒரு பேர் இருக்கு. அதைச் சம்பாதிக்க நீங்க பட்டது எனக்குத் தெரியும். இது நாளைக்கு அச்சுல வந்தா அந்தப் பேர் அதோட போச்சு. வழக்குப் போட்டாலும் நிக்கும். நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு ஆயிடும்."

"வேற யாருக்காகவும் எழுத மாட்டேன்" என்றார். "அஞ்சு மணிக்கு நிருபர்களை வரச் சொல்லியிருக்கார். நாலரைக்குள்ள இது அங்க போகணும்."

அந்த நான்கு வரிகளை மறுபடியும் படித்தேன். அவர் கையெழுத்து சாய்வாக, அழகாக இருக்கும். பொய் எழுதும்போதும் அப்படித்தான் இருந்தது.

"நானே கொண்டு போறேன். அண்ணன் தாளையும் குடுங்க."

அவர் கை பையை மூடிக்கொண்டது. "அதை மட்டும் கேக்காதே."

அண்ணன் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்றரை மணிக்கு அண்ணன் வீட்டுத் தெருவில் இறங்கினேன். எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பேர் அந்த வாசலைத் தாண்டும்போது குரைத்துவிட்டுப் போனார்கள். வாசல் கம்பியில் யாரோ ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கட்டிவைத்திருந்தார்கள். நான் அவிழ்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணிதான் கதவைத் திறந்தார்.

"வா நாத்தனாரே. தைரியமா வா. 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டை நேத்துதான் கழட்டினேன்."

"அண்ணி."

"சிரிச்சுக்கோ. நான் சமையலறையில போய்ச் சிரிச்சிட்டு வந்துடறேன், தினமும். அவருக்கு முன்னால முடியுதா? ஆறு நாளா வெந்நீரா குடிச்சிட்டு உறுமிட்டு இருக்கார். அதோட ஏதோ காகிதத்தைக் காணோமாம். மேஜையைக் கவுத்தாச்சு, காரைக் கவுத்தாச்சு. என்ன காகிதம்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறார்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எதையாவது பேசி முடிச்சு வை. நீ வராத வீடு எனக்கு வேண்டாம்."

அண்ணன் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கையில் வெந்நீர் டம்ளர். மேடையில் கத்திக் கத்திக் குரல் கரகரத்திருந்தது.

"அவன் அனுப்பினானா?"

"நானா வந்தேன்."

"மன்னிப்பு கொண்டு வந்திருக்கியா?"

"வந்திருக்கேன். அதைக் குடுக்கறதுக்கு முன்னால உன் வாசகம் வேணும். என்னன்னு போடணும்னு நீயே உன் கையால எழுதிக் குடு. ஒரு எழுத்து மாறாம வரும். இந்தத் தடவை பிழை பாக்கறது நான்."

இதைச் சூழ்ச்சி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அவர் எழுதுவார், மறுபடியும் தப்பாக எழுதுவார், எடுத்துக் காட்டலாம் என்றுதான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். எழுதும் அட்டையையும் பேனாவையும் நீட்டும்போது என் கை கூசியது.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எழுதும்போது நாக்கு நுனியை உதட்டில் வைத்துக்கொள்வது மாறவே இல்லை. வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"உறுப்பினர்... பேச்சைக்... கு..."

பேனா நின்றது.

"என்ன?" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே, பழக்கத்தில், அந்த மரக்கடைச் சீட்டுகளின் முன் உட்கார்ந்திருந்த பையனின் குரலில் கேட்டார்.

"பாப்பா, சின்ன ரவா, பெரிய றவா?"

நான் பதில் சொல்லவில்லை.

அண்ணன் மெதுவாகத் தலையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். கீழே வைத்தார். வாசலில் யாரோ பைக்கில் குரைத்துக்கொண்டு போனார்கள்.

"அன்னைக்குக் காருக்குள்ள வச்சு எழுதினேன்" என்றார். "கேக்கறதுக்கு யாரும் இல்லை."

"தெரியும்ணே."

"நான் எழுதின தாள் அவன்கிட்ட இருக்கா?"

"இருக்கு. சட்டைப் பையில வச்சிட்டுத் திரியறார்."

"யாருக்காவது காட்டினானா?"

"என்கிட்டகூடக் காட்டலை. நான் கேட்டும் தரலை. காற்புள்ளி சொல்லித்தான் எனக்கே தெரியும், அதுவும் இன்னைக்குக் காலையில."

"ஆறு நாளா மேடை போட்டுக் கத்தினேனே, பாப்பா."

"கத்தினே."

"குரைச்சேன்னே சொல்லலாம்."

"சின்ன ர" என்றேன்.

அண்ணன் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. அப்புறம் இருமல் வந்து, நிற்காமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணி ஓடி வந்து முதுகைத் தடவினார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அவரும் சிரித்தார். ஆறு நாள் சமையலறைக்குள் சிரித்தவருக்கு வெளியே வந்து சிரிக்க யாரோ அனுமதி கொடுத்தது போல் இருந்தது.

உறையை அப்போதுதான் கொடுத்தேன். அண்ணன் நான்கு வரிகளையும் இரண்டு தடவை படித்தார்.

"வேண்டுமென்றேன்னு எழுதியிருக்கானே. எதுக்கு?"

"நீ கேட்டே."

"கேட்டா? கேட்டா எழுதிக் குடுத்துடுவானா? முட்டாப் பய." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். "எழுத்து என்னமோ மணி மணியா இருக்கு. சொன்னதுதான் பொய்."

"உன் தாள்ல எழுத்துதான் தப்பு. சொன்னது நிஜம்" என்றேன், அவர் மனம் குளிரட்டும் என்று.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் வெந்நீரைக் குடித்தார். அதை அன்று நான் கவனித்தேனே தவிர, பொருட்படுத்தவில்லை.

ஐந்து மணிக்கு முன்னறை நிறைந்துவிட்டது. ஏழெட்டு மைக், மூன்று காமிரா. நானும் அண்ணியும் கதவோரம் நின்றோம். செயலாளர் ஒரு தட்டச்சு அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார். உரிமைப் பிரச்சினை அறிக்கை. அண்ணன் அதை வாங்கி மடித்து உட்கார்ந்திருந்த இருக்கைக்கு அடியில் வைத்தார். என்னிடம் சிரித்தது வேறு, மைக் முன்னால் பேசுவது வேறு. ஒரு அரசியல்வாதி தன் தப்பை எத்தனை விதமாகச் சொல்லாமல் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக அவர்களுடைய அறிக்கைகளைத்தானே திருத்துகிறேன்.

"பத்திரிகை என் எழுத்தை மாத்தலை" என்றார் அண்ணன். "நான் என்ன எழுதிக் குடுத்தேனோ அதைத்தான் போட்டாங்க. தப்பு என் பேனாவுல. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். இதை நான் மறைச்சதும் இல்லை, பெருமையா சொன்னதும் இல்லை. இன்னைக்குச் சொல்றேன். ஆதாரத்தைக் கையில வச்சுக்கிட்டு ஆறு நாள் என் ஏச்சையும் வாங்கிட்டு ஒருத்தர் சும்மா இருந்தார். அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நிருபர் விடவில்லை. "சார், நீங்க ஃபோன் பண்ணப்போ அவர் சிரிச்சாரே? அது அவமரியாதைதானே?"

"சிரிக்க வேண்டிய விஷயத்துக்குச் சிரிச்சிருக்கார். என் மாப்பிள்ளை என்னைப் பாத்துச் சிரிக்காம வேற யாரு சிரிக்கறது? நீங்களும் சிரிங்க. ஆனா வாசல்ல வந்து குரைக்கறதை மட்டும் நிறுத்திக்கச் சொல்லுங்க, நல்லாவே வரலை அவங்களுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் கேள்விகள் இருந்தன. அண்ணன் தொண்டையைக் காட்டி, கும்பிட்டு, எழுந்துவிட்டார். மொத்தம் நான்கு நிமிடம். "இன்னைக்கும் குறைச்சிட்டார்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. காதுக்கு இரண்டும் ஒரே ஓசைதான். எழுதினால்தான் வம்பு.

உள்ளே வந்ததும் தொலைபேசியை எடுத்தார். என் கணவர் எடுத்திருக்க வேண்டும்.

"மாப்பிள்ளை, டிவி பாத்தியா? பேச்சைக் குறைச்சுக்கறேன். எந்த ர-ன்னு நீயே பாத்துப் போட்டுக்கோ." சற்றுக் கேட்டார். "சரி, சரி. சிரிச்சுத் தொலை."

மன்னிப்புக் கடிதத்தை அண்ணன் கிழிக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். சீப்போடு அதுவும் என்னிடம் இருக்கிறது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவ்வளவு தூரத்தை அதற்கு முன் நடந்ததில்லை. கால் வலிக்கவில்லை. வழியில் கைப்பையைத் துழாவியபோது பிஸ்கட் பொட்டலம் கிடைத்தது. பிரித்து இரண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

என் கணவர் எனக்கு முன்னால் வந்து குளிக்கப் போயிருந்தார். உள்ளே தண்ணீர்ச் சத்தத்தோடு ஏதோ ராகமும் கேட்டது. அவருக்குப் பாட வராது. ஆறு நாளாக அந்த வராத பாட்டையும் நான் கேட்கவில்லை. சட்டை கொக்கியில் தொங்கியது. துவைக்கப் போட எடுத்தேன். பையில் தாள் இருந்தது. இனி காவல் வேண்டாம் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

பிரித்தேன். அண்ணன் எழுத்து. ஓடும் காரில் எழுதியது, கோணல்மாணலாக. தலைப்பில் அந்தச் சின்ன ர, ஒரு குற்றமும் அறியாததுபோல் நிமிர்ந்து நின்றது. சிரித்துக்கொண்டே, மடிப்பதற்காகத் தாளைத் திருப்பினேன்.

பின்பக்கத்தில் வேறு கையெழுத்து இருந்தது. சிறியது, உருண்டையானது. மேலே ஒரு தொண்டை மருத்துவரின் பெயரும் விலாசமும் அச்சிட்டிருந்தது. அதன் கீழே அண்ணன் பெயர். தேதி, பணிமனைத் திறப்பு நாள், காலை.

"குரல் நாணில் கட்டி. அடுத்த வாரம் வியாழக்கிழமை பரிசோதனை. துணைக்கு ஒருவரை அழைத்து வரவும். அதுவரை பேச்சைக் குறைக்கவும்."

பெரிய ற. அந்தத் தாளில் சரியான எழுத்து முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

குளியலறைக் கதவு திறந்தது. துண்டோடு நின்றவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் படிச்சிட்டியா, டீச்சர்?"

"விலாசம்னு சொன்னீங்க."

"விலாசம்தானே?" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க அண்ணன் அண்ணிக்கும் சொல்லியிருக்க மாட்டார், செயலாளருக்கும் சொல்லியிருக்க மாட்டார். டாக்டர் சீட்டோட பின்னாலயே எழுதி அனுப்பிட்டுத் தேடிட்டு இருப்பார். கூட நான் வரேன்னு சொல்லலாம்னு ஆறு நாளா பாக்கறேன். அவர் என்கூடப் பேசினாத்தானே சொல்ல முடியும்?"

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

"இப்பப் பேசறாரே" என்றேன்.

"ஆமா. இப்பப் பேசறார்." அந்த முகத்தில் நான் பார்த்தது கவலை என்று சொல்ல மாட்டேன். ஆறு நாள் அடைத்துக் கிடந்த கதவு திறந்துவிட்ட ஆறுதல் அது.

தொலைபேசி அடித்தது. அவர் எடுத்தார். அந்தக் கரகரத்த குரல் நான் உட்கார்ந்திருந்த இடம் வரை கேட்டது.

"மாப்பிள்ளை, அந்தத் தாள் உன்கிட்டதானே இருக்கு? கிழிச்சுப் போட்டுடு. பின்னால ஏதும் பாக்கலையே நீ?"

"பின்னால என்ன இருக்கு மச்சான்? நான் எதுக்குத் திருப்பிப் பாக்கறேன்?" என்றார் அவர். "அது கிடக்கட்டும். வியாழக்கிழமை எனக்கு டவுன் பக்கம் ஒரு வேலை இருக்கு. வண்டி சரியில்லை. உங்க கார்ல என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்டது. இவருடைய இடது கை சீப்பைத் தேடி மேஜைமேல் தடவிக்கொண்டிருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.